உச்சிக்கு வரும் இரும்பு

அடைப்பு விழுந்த வீட்டுப் பக்கம் ஊர் நாய்கூடப் படுக்காது என்பார்கள். பனையூரணியில் அப்படிப்பட்ட வீட்டைத் தேடி விசாரித்துக்கொண்டு வந்த ஒரே ஆள் கிருத்திகாதான்.

பனையூரணி சாக்கோட்டைக்குத் தெற்கே செம்மண் காட்டுக்குள் ஒதுங்கிக் கிடக்கிற சின்ன ஊர். அங்கே போர் மோட்டார் மெக்கானிக்காக இருந்த அய்யப்பன் ஐப்பசியில் செத்துப்போனான். ஆழ்குழாயிலிருந்து பைப்பை மேலே தூக்கும்போது, தலைக்கு மேலே போன கரண்டுக் கம்பியில் அது பட்டுவிட்டது. நின்ற இடத்திலேயே உயிர் போனது. அது போதாதென்று, உயிர் போன நேரம் சதய நட்சத்திரம். பஞ்சாங்கம் பார்த்தவர்கள் ஆறு மாதம் அடைப்பு என்று சொல்லிவிட்டார்கள். அந்த நட்சத்திரத்தில் போனவன் வீட்டைச் சுற்றியே வருவான், வந்தால் தன்னோடு ஒருத்தரை அழைத்துக்கொள்ளாமல் போகமாட்டான் என்பது நம்பிக்கை. அதனால் பிணத்தை வாசல் வழியாக எடுக்கவில்லை. பின்சுவரை இடித்து அந்த ஓட்டை வழியாக எடுத்தார்கள், வாசல் எது என்று அவனுக்கு மறந்துபோகட்டும் என்று. ஓட்டையை அடைத்து, கரண்டைப் பிடுங்கி, வீட்டைப் பூட்டினார்கள். மனைவி ஈஸ்வரி, தாய் அக்கம்மாள், நாலு வயது மகள் அழகி, மூன்று பேரும் வீட்டுக்குப் பின்னால் இருந்த கீற்றுக் கொட்டகைக்குக் குடிபோனார்கள்.

கோடாங்கி கோட்டைச்சாமி வந்து, கொட்டகையும் முற்றமும் கொய்யா மரமும் உள்ளே அடங்குகிற மாதிரி நாலு மூலையிலும் மந்திரித்த ஆணி அடித்துக் கட்டுப் போட்டார். விரல் பருமன், சாண் நீளம், பழைய பட்டறை ஆணிகள்.

"இதைத் தாண்டி ஒண்ணும் போக்குவரத்து இல்ல ஆத்தா. வெளிய நிக்கிறது உள்ள வராது. உள்ள நிக்கிறது வெளிய போகாது. அடைப்புக் கழியிறவரைக்கும் ஆணியத் தொட்றாதீக," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஆணிகளை அக்கம்மாள் சாமி மாதிரி பார்த்துக்கொண்டாள். பொழுது சாய்ந்தால் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு மூலை மூலையாகப் போய்த் தெளித்துவிட்டு வருவாள். பேத்தி மூலைப் பக்கம் விளையாடப் போனால் சத்தம் போடுவாள். மகன் செத்த நாளிலிருந்து அவள் கஞ்சியைத் தவிர வேறெதுவும் தொடுவதில்லை. ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கிற பட்டறையில் ஈஸ்வரியிடம் அடைப்புக் கழிந்து வேலைக்கு வா என்று சொல்லிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கிருத்திகா வந்தது பங்குனி வெயிலில். காரைக்குடிச் செட்டியார் வீட்டுப் பெண், சென்னையில் ஆராய்ச்சிப் படிப்பு. ஊருக்கு மேற்கே இருக்கிற சரளை மேட்டுக்கு அடியில் ஒரு காலத்தில் இரும்பு உருக்கிய உலைகள் புதைந்திருக்கின்றன என்று அவளுக்கு ஒரு சந்தேகம். தோண்டாமல் கண்டுபிடிக்கப் பெட்டிகள் கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, இந்த வீட்டுக்கு யாருமே வர்றதில்லைன்னு ஊர்ல சொன்னாங்க. உண்மையா?"

"அடைப்பு வீட்டுக்கு எவுக வருவாக ஆச்சி?" என்றாள் ஈஸ்வரி. செட்டியார் வீட்டுப் பெண் என்றால் சின்ன வயசானாலும் அந்தப் பக்கம் ஆச்சிதான்.

"பைக், மோட்டார், கரண்டு எதுவும் இல்லையே?"

"எல்லாம் கழட்டித்தான் கெடக்கு."

கிருத்திகாவின் முகம் மலர்ந்துபோனது. "இந்த மாதிரி இடத்தைத்தான்க்கா ஊர் பூராத் தேடினேன்."

"நல்லாத் தேடுனீக போங்க," என்றாள் ஈஸ்வரி. பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பெட்டிகள் இரண்டு. ஒன்றை முதுகில் மாட்டிக்கொண்டு, நீளக் கழியின் நுனியில் குடுவை மாதிரி ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி மேட்டில் கயிறு பிடித்த மாதிரி நடக்க வேண்டும். பூமியின் காந்த இழுப்பை அது எண்ணாகக் காட்டும். அடியில் இரும்புக் கசடு இருந்தால் எண் எகிறும். இன்னொன்று ஓரிடத்தில் அசையாமல் நாள் முழுவதும் நிற்க வேண்டும். அது எதற்கு என்று ஈஸ்வரி கேட்டாள்.

"பூமியோட இழுப்பு நாள் பூரா ஒண்ணா இருக்காதுக்கா. வெயில் ஏற ஏற அதுவும் ஏறும், சாயச் சாய இறங்கும். அதுலயும் நம்ம பக்கம் உச்சி நேரத்துல ரொம்பவே ஏறும். மேட்டுல நான் பாக்குற எண் மாறினா, அது மண்ணுக்குள்ள இருக்கிறதாலயா, வெயிலாலயான்னு எனக்குத் தெரியணும்ல? அதுக்கு ஒரு பெட்டி சும்மா நின்னு பாத்துக்கிட்டே இருக்கணும்."

"மனுசப் புத்தி மாதிரின்னு சொல்லுங்க. நேரத்துக்கு ஒண்ணு."

"அதேதான். ஆனா பக்கத்துல இரும்போட யாரும் வரக்கூடாது. அருவா, வாளி, எதுவும். உங்க மேல ஊக்கு, கொண்டை ஊசி ஏதாவது இருக்கா?"

ஈஸ்வரி கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். தாலியில் ஒரு கொத்து ஊக்குக் கோத்து வைத்திருப்பாள், கல்லுப் பட்டறையில் யாருக்கு எது கிழிந்தாலும் அவளிடம்தான் வருவார்கள். தாலியோடு அதுவும் போய்விட்டது. "ஒண்ணும் இல்ல," என்றாள்.

கொய்யா மரத்து நிழலில் மரக்காலி நட்டு, பெட்டியை வைத்துவிட்டு, கிருத்திகா கழியோடு சுற்றி நடந்து பார்த்தாள். மரத்துக்குப் பக்கத்து மூலையில் எண் எகிறியது. "இங்க மண்ணுக்குள்ள ஏதோ இரும்பு இருக்குக்கா. எடுத்துட முடியுமா? இல்லன்னா பரவாயில்ல, நான் வேற இடம் பாத்துக்கிறேன்."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் நியாயம். அக்கம்மாள் அன்றைக்கு ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஈஸ்வரி குத்தவைத்து உட்கார்ந்து, கையாலேயே மண்ணைப் பறித்து, ஆணியை அசைத்து அசைத்துப் பிடுங்கினாள். சின்ன வேலைதான். ஆனால் ஆணி கையோடு வந்தபோது அவள் மனசுக்குள் ஒரு சொல் தானாக ஓடியது: 'வாங்க.'

ஆணியை உப்புச் சாடிக்குள் புதைத்து வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் கிருத்திகா மடிக்கணினியைத் திண்டில் வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்கினாள். திரையில் ஒரு கோடு, பிள்ளையார் வயிறு மாதிரி காலையில் ஏறி மாலையில் இறங்கி இருந்தது. வயிற்றின் உச்சியில் மட்டும் படிக்கட்டு வெட்டிய மாதிரி ஒரு மேடு.

"மத்தியானம் யாராவது இரும்போட வந்தீங்களாக்கா? நல்ல கனமான இரும்பு. திடீர்னு வந்திருக்கு, மரத்துக்கிட்ட நின்னிருக்கு. ஒரு ஆள் சாப்பிடுற நேரம். அப்புறம் திடீர்னு போயிருக்கு."

ஈஸ்வரி வாயைத் திறப்பதற்குள் கொட்டகைக்குள்ளிருந்து அக்கம்மாளின் குரல் வந்தது.

"ஆடு. நாகவல்லி வீட்டு ஆடு சங்கிலிய அத்துக்கிட்டு இங்குட்டு வந்து நின்னுச்சு. நாந்தேன் விரட்டிவிட்டேன்."

நாகவல்லி வீட்டு ஆட்டைப் பொங்கலுக்கே அறுத்துத் தின்றாயிற்று. தலைக்கறி யாருக்குப் போனது என்பதுவரை ஈஸ்வரிக்குத் தெரியும். மாமியார் ஏன் பொய் சொல்கிறாள் என்றுதான் தெரியவில்லை.

அய்யப்பன் உயிரோடு இருந்தபோது உச்சி சாய்வதற்குள் சாப்பிட வந்துவிடுவான். கையளவு வாய் பிளந்த பெரிய பைப் ரெஞ்சைத் தோளில் போட்டுக்கொண்டுதான் வருவான், பட்டாளத்துக்காரன் துப்பாக்கி மாதிரி. வந்ததும் அதைக் கொய்யா மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கை கழுவாமல் "என்ன குழம்பு?" என்பான். போகும்போது எடுத்துக்கொள்வான். அந்த ரெஞ்சு இப்போது எங்கேயும் இல்லை. கரண்டு அடித்த நிமிடத்தில் அவன் கையிலிருந்து நழுவி, போர்க் குழிக்குள் விழுந்து, அறுநூறு அடிக்குக் கீழே போய்விட்டது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள் ஈஸ்வரி. மறுநாள் மத்தியானம் கொட்டகை வாசலில் உட்கார்ந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் மண்ணில் அலை அலையாக எழும்பியது. காக்கை கத்தவில்லை. ஒரு இலை அசையவில்லை. நிழல் எல்லாம் மரத்தடியில் சுருண்டு ஒடுங்கியிருந்தது. ஒன்றையும் அவள் காணவில்லை, ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆனால் முதுகுப் பக்கம் பாயில் விளையாடிக்கொண்டிருந்த அழகி விளையாட்டை நிறுத்திவிட்டு, மரத்தடியைப் பார்த்துத் தன் கையிலிருந்த முறுக்கை நீட்டினாள்.

"யாருக்குடி?" என்றாள் ஈஸ்வரி.

பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு முறுக்கைத் தானே கடித்தது.

அன்று சாயங்காலமும் கோட்டில் அந்த மேடு இருந்தது. அதற்கு மறுநாளும். கிருத்திகா பெட்டியில் ஏதோ கோளாறு என்று கழற்றிப் பூட்டிப் பார்த்தாள். வயரை மாற்றினாள். "அக்கா, கோளாறுன்னா கண்ட நேரத்துல வரணும். இது நேரம் தவறாம வருது," என்றாள். அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றையும் ஈஸ்வரி கவனித்தாள். அக்கம்மாள் கருவாடு வாங்கிவந்தாள். பல மாதமாகக் கஞ்சியோடு கிடந்தவள், கத்தரிக்காயும் மொச்சையும் போட்டு, புளியைக் கெட்டியாகக் கரைத்துக் குழம்பு வைத்தாள். மகனுக்குப் பிடித்த பக்குவம். உச்சி நேரத்துக்குள் குழம்பு இறங்கிவிடும். முதல் கரண்டிச் சோற்றை யாருக்கும் போடாமல் ஓரமாக எடுத்து வைத்தாள்.

"என்ன அயித்தே விசேசம்?"

"நாக்கு செத்துப்போச்சுடி. திங்கணும்போல இருந்துச்சு," என்றாள் அக்கம்மாள், முகத்தைக் காட்டாமல்.

உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் ஈஸ்வரி சந்தோஷமாகத்தான் இருந்தாள். பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் எழுந்ததும் உச்சிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்க்கிற பயம் அது. கல்யாணமான புதிதில்கூட அப்படிக் காத்திருந்ததில்லை.

அழகிக்குக் காய்ச்சல் வந்ததும் எல்லாம் தலைகீழானது.

காலையில் பிள்ளை நன்றாக இருக்கும். இட்டிலி தின்னும். வெயில் ஏற ஏற உடம்பு காயும். உச்சியில் அனலாகக் கொதித்துக் கண் செருகும். பொழுது சாய்ந்தால் இறங்கிவிடும். காரைக்குடிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை, வைரஸ் காய்ச்சல் என்று மருந்து கொடுத்தார்கள். மருந்து குடித்த மறுநாளும் உச்சிக்குக் காய்ச்சல் ஏறியது. அழகியின் கைகால் ஒவ்வொரு நாளும் ஈர்க்குச்சியாகிக்கொண்டே வந்தது. ஈஸ்வரி கிருத்திகாவிடம் கோட்டைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். மேடு ஏறுகிற நேரமும் பிள்ளை கொதிக்கிற நேரமும் ஒன்று.

'வந்தால் ஒருத்தரை அழைத்துக்கொள்ளாமல் போகமாட்டான்.' நான்தானே வாங்க என்று சொன்னேன் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். உப்புச் சாடியிலிருந்து ஆணியைத் தோண்டி எடுத்தபோது அது துருப்பிடித்துப் புண் மாதிரி இருந்தது.

"ஆச்சி, பெட்டிய எடுத்துருங்க. நான் ஆணிய அடிக்கணும்," என்று எல்லாவற்றையும் கிருத்திகாவிடம் கொட்டிவிட்டாள்.

கிருத்திகா கேலி செய்யவில்லை. "அடிங்கக்கா. எனக்கு மேட்டுல நாளைக்குக் காலையோட வேலை முடியுது. பெட்டி கிடக்கட்டும், நான் சாயங்காலம் வந்து எடுத்துக்கிறேன். மத்த மூணு ஆணியும் எங்க இருக்கு? அதையும் அளந்து எழுதிக்கிறேன்."

ஈஸ்வரி காட்டினாள். கிருத்திகா கழியைத் தலைகீழாகப் பிடித்து, குடுவையை மண்ணை ஒட்டினாற்போல வைத்து, முதல் மூலையில் நடந்தாள். எண் அசையவில்லை. இரண்டாவது மூலைக்குப் போனாள். மூன்றாவது மூலையில் மண்டியிட்டே பார்த்தாள்.

"அக்கா, இங்க எங்கயுமே இரும்பு இல்லை."

"நல்லாப் பாருங்க. கோடாங்கி அடிச்சதை என் கண்ணால பாத்தேன். அயித்தை தெனமும் மஞ்சத்தண்ணி தெளிக்கிறாக."

"வெறும் மண்ணுதான்க்கா."

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அக்கம்மாள் வந்து நின்றாள். இடுப்பிலிருந்து வெற்றிலைச் சுருக்குப்பையை எடுத்து, வாயை அவிழ்த்து, கையில் கவிழ்த்தாள். பாக்குத் துண்டுகளோடு மூன்று ஆணிகள் விழுந்தன.

"முப்பதாம் நாள் கும்பிட்ட மறுநாளே புடுங்கிட்டேன்," என்றாள்.

"நீகளா அயித்தே? ஆணிக்கு அங்குட்டுப் போகாத, இங்குட்டுப் போகாதன்னு பிள்ளைய அந்த விரட்டு விரட்டுனீகளே!"

"எம்பிள்ளைய ஓட்ட போட்டு எடுத்தாகடி. அவன் கட்டுன வீட்டு வாசலையே அவனுக்கு மறக்கடிச்சாக. அது பத்தாதுன்னு ஆணி வேற. பெத்த வயிறு கேக்குமா? மூணைப் புடுங்கிட்டேன். நாலாவதுல கைய வச்சேன், பேத்தி மொகம் வந்து நின்னுச்சு. அந்த ஒண்ணை மட்டும் விட்டுட்டேன். அதை நீ புடுங்கிட்ட."

"தெரியுமா ஒங்களுக்கு?"

"மஞ்சத்தண்ணி தெளிக்கிறவளுக்குத் தெரியாதா? சொல்லல. சொன்னா நீ திரும்ப அடிச்சிருவ."

ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே திருட்டைச் செய்துவிட்டு ஒளித்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

"இப்ப எம்மகளைக் கேக்குறாரு அயித்தே," என்று ஈஸ்வரி உடைந்து அழுதாள்.

"அவன் கேக்கமாட்டான். எம்பிள்ளையப் பத்தி எனக்குத் தெரியும். வாரதும் போறதுமா இருக்கான்ல, அந்த அலைச்சல்தேன் பிள்ளைக்கு ஆகல."

"என்னமோ, நாளைக்கு விடியவும் அடிச்சிருவோம். நாலையும்."

அக்கம்மாள் ஆணிகளைக் கையில் உருட்டினாள். "விடியக்கால அடிச்சா நிக்காது. உச்சியில அடிச்சாத்தேன் கட்டு. நானே அடிக்கச் சொல்றேன், அப்ப அடி."

மறுநாள் வெயில் நடு மண்டையில் நின்றது. அழகி கொட்டகைக்குள் ஈரத் துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு முனகிக்கொண்டிருந்தாள். அக்கம்மாள் கொய்யா மரத்தடியைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, வாழையிலை போட்டாள். சோறு வைத்து, கருவாட்டுக் குழம்பை ஊற்றி, பெரிய துண்டமாகப் பார்த்து எடுத்து வைத்தாள்.

"கடைசிச் சோறு, தின்னுட்டுப் போகட்டும்," என்றாள் ஈஸ்வரி, கண் கலங்க. சுத்தியலை அக்கம்மாள்தான் வைத்திருந்தாள். மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள், என்ன கண்டாளோ, சட்டென்று நடந்தாள். கிழவி என்று சொல்ல முடியாத வேகம். முதல் மூலையில் ஒரு ஆணி, அடுத்ததில் ஒன்று, அதற்கடுத்ததில் ஒன்று. இரும்போடு இரும்பு மோதுகிற சத்தம் பூட்டிக்கிடந்த வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பியது. கொய்யா மரத்து மூலைக்கு வந்து சுத்தியலை ஈஸ்வரியிடம் நீட்டினாள். "நீ புடுங்குனதை நீ அடி. ம், சுருக்கா."

ஈஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். ஒவ்வொரு அடியும் தன் நெஞ்சில் விழுந்த மாதிரி இருந்தது. ஆணி முழுவதும் இறங்கியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியாயிற்று. இனி வரமாட்டார்.

பிள்ளைக்கு அன்றைக்கு உச்சி தாண்டியதுமே வியர்த்துக் கொட்டியது. பொழுது சாயும் முன்னாலேயே எழுந்து உட்கார்ந்து, "குழம்பு வேணும்" என்றது. தொட்டுப் பார்த்தால் உடம்பு மண்பானை மாதிரி குளிர்ந்திருந்தது. ஈஸ்வரி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஊட்டிவிட்டாள். போனவர் போகட்டும், இருக்கிறது பிழைத்ததே என்று ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டாள்.

கிருத்திகா சாயங்காலம் வந்து பெட்டியைக் கழற்றுவதற்கு முன்னால் கோட்டைத் திறந்தாள். முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

"என்ன ஆச்சி? இன்னைக்கு வரலைல்ல?"

"வந்திருக்குக்கா. எப்பவும் போல உச்சிக்கு ஏறியிருக்கு. ஆனா இறங்கலை."

"அது நாங்க ஆணி அடிச்சோம்ல, அதுக்கா?"

"அப்படித்தான் நானும் நெனைச்சேன்." கிருத்திகா திரையில் விரலை வைத்தாள். "ஆணி இதோ, இந்தச் சின்னக் குதிப்பு. அது பின்னால வருது. பெருசு அதுக்கு முன்னாலயே வந்து நின்னுடுச்சு. இப்போ வரைக்கும் அங்கேயே இருக்கு." அவள் கொய்யா மரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியை அவசர அவசரமாகக் கட்டிக்கொண்டு, பிள்ளைக்குக் கையில் இருந்த பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, ஊருக்குப் போனதும் பேசுகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

ஈஸ்வரி மெதுவாக மாமியார் பக்கம் திரும்பினாள். அக்கம்மாள் மரத்தடி இலையை எடுக்காமல், அதற்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அயித்தே. அவுக உள்ள வந்தப்புறமா அடிக்கச் சொன்னீக?"

"பின்ன? வெளிய நிப்பாட்ட அடிக்கிறேன்னா ஒங்கிட்டச் சொன்னேன்?" அக்கம்மாள் வெற்றிலையை வாயில் அதக்கினாள். "உள்ள நிக்கிறது வெளிய போகாது. கோடாங்கி சொன்னான்ல. இனிமே அலைச்சல் இல்ல. பாரு, பிள்ளைக்கும் காச்சல் விட்ருச்சு."

அடைப்புக் கழிய இன்னும் நாள் கிடக்கிறது. பிறகு கோட்டைச்சாமி வந்து ஆணியைப் பிடுங்குவார். அதுவரை இந்த முற்றத்துக்குள், இந்தப் பிள்ளையோடு. நாளைக்குக் காய்ச்சல் திரும்பினால்? ஈஸ்வரி ஓடிப்போய் மரத்து மூலையில் குத்தவைத்தாள். நகத்தால் மண்ணைக் கீறினாள். ஆணித் தலை தட்டுப்பட்டது. சூடு ஆறாமல் இருந்தது. இரண்டு விரலால் பற்றி அசைத்தால் போதும், மத்தியானம்தான் அடித்தது, வந்துவிடும்.

பிடுங்கினால் போய்விடுவார்.

கொட்டகை வாசலில் அழகி உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். பாதியைக் கடித்துவிட்டு, மீதியை மரத்தடியைப் பார்த்து நீட்டினாள். பிள்ளை முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

ஈஸ்வரி ஆணியிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு மண்ணை இரண்டு கையாலும் அள்ளி ஆணித் தலையை மூடி, உள்ளங்கையால் அழுத்தித் தட்டிச் சமமாக்கினாள். எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"அயித்தே, கருவாடு மிச்சம் இருக்கா? இல்ல நாளைக்கு வாங்கணுமா?" என்று கேட்டாள்.